வாரியத்தில் யார் உட்கார வேண்டும்? திறமூல அமைப்புகளுக்கு ஐந்து வழிகள்

ஒரு திறமூலத் திட்டம் (நிரலை யாரும் படித்து, மாற்றி, பகிரக்கூடிய மென்பொருள்) சிறியதாக இருக்கும்வரை நிர்வாகம் பற்றி யாரும் பேசுவதில்லை. டொமைன் ஒருவர் பெயரில் இருக்கும். நன்கொடைப் பணம் இன்னொருவர் கணக்கில் இருக்கும். வெளியீடுகளுக்குக் கையொப்பமிடும் சாவி மூன்றாமவரின் மடிக்கணினியில் இருக்கும். ஒருநாள் ஏதோ ஒரு நிறுவனம் பெருந்தொகை தர முன்வந்து, வாரியத்தில் தனக்கு ஓர் இடம் கேட்கும். அப்போதுதான் அவசர அவசரமாக வேறோர் அமைப்பின் பைலாவை (உள்விதிகளை) எடுத்துப் பெயரை மாற்றிப் பதிவு செய்கிறார்கள். அந்த பைலா எந்தச் சூழலுக்காக எழுதப்பட்டது என்று பார்க்க நேரமிருப்பதில்லை. பின்னால் வரும் தகராறுகளில் பெரும்பாலானவற்றுக்கு அங்கேதான் வேர்.

வாரியத்தில் எத்தனை பேர், அவர்கள் யார் என்ற கேள்விகளுக்கு முன்னால் தீர்க்க வேண்டியது ஒன்று உண்டு: எந்தெந்த முடிவுகள் வாரியத்திடம் போகும்? பணம், டிரேட்மார்க், டொமைன், ஒப்பந்தங்கள், ஊழியர்கள் ஆகியவை ஒரு பக்கம். எந்தப் பேட்ச் (நிரல் திருத்தம்) உள்ளே போகிறது, எப்போது வெளியீடு, யாருக்குக் கமிட் உரிமை (நிரலில் நேரடியாக மாற்றம் சேர்க்கும் உரிமை) ஆகியவை மறுபக்கம். நன்றாக நடக்கும் அமைப்புகள் இந்த இரண்டையும் வேறுவேறு குழுக்களிடம் கொடுத்திருக்கின்றன. பல திறமூலத் திட்டங்களைத் தாங்கும் அப்பாச்சி அறக்கட்டளையில் 9 பேர் கொண்ட இயக்குநர் வாரியம் இருக்கிறது. ஆனால் ஒரு வெளியீடு போவதா வேண்டாமா என்பதை அந்தந்தத் திட்டத்தின் மேலாண்மைக் குழுவே முடிவு செய்கிறது: குறைந்தது 3 ஆதரவு வாக்குகள் வேண்டும், எதிர்ப்பைவிட ஆதரவு அதிகமாக இருக்க வேண்டும். பைத்தான் நிரல்மொழி அறக்கட்டளையின் வாரியம் பணத்தையும் டிரேட்மார்க்கையும் பார்த்துக்கொள்கிறது. மொழியின் போக்கை 5 பேர் கொண்ட வழிகாட்டுக் குழு தீர்மானிக்கிறது.

இந்தப் பிரிவினை இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு, ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை சர்வரில் இயக்கும் நோட்.ஜேஎஸ் ஓர் உதாரணம். திட்டம் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. முக்கியப் பங்களிப்பாளர்களுக்கு முடிவெடுக்கும் வழி இல்லை. 2014 இறுதியில் அவர்கள் ஐஓ.ஜேஎஸ் என்ற பெயரில் பிரிந்து போனார்கள். 2015-இல் அறக்கட்டளை ஒன்று அமைந்து, தொழில்நுட்ப வழிகாட்டுக் குழுவுக்குத் தனி அதிகாரம் கிடைத்த பிறகுதான் இரண்டும் ஒன்றாகின.

இந்தச் சுவரை எழுத்தில் எழுப்பிவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு, வாரியத்தை அமைக்கும் வழிகளைப் பார்க்கலாம்.

தன் வாரிசைத் தானே தேர்ந்தெடுக்கும் வாரியம்

இருப்பவர்களே அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும் முறை இது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை நெடுங்காலமாக இப்படித்தான் இயங்கிவருகிறது. இதன் பலம் உண்மையானது. உறுப்பினர் பட்டியலை நிரப்பியோ பணத்தைக் கொட்டியோ இதைக் கைப்பற்ற முடியாது. அது வெளியிடும் ஜிபிஎல் போன்ற ஒரு மென்பொருள் உரிமத்தின் அடுத்த பதிப்பை எழுதும் அதிகாரம் கையில் இருக்கும்போது அந்தப் பாதுகாப்புக்கு மதிப்பு அதிகம். "அல்லது இதற்குப் பிந்தைய பதிப்பு" என்ற வரியைச் சேர்த்துத் தன் நிரலை வெளியிட்ட ஒவ்வொருவரும் அந்த வாரியத்தை நம்பித்தான் அதை எழுதியிருக்கிறார்கள்.

பலவீனமும் அதே இடத்தில் இருக்கிறது. அறக்கட்டளையின் நிறுவனர் ரிச்சர்ட் ஸ்டால்மன் 2019 செப்டம்பரில் விலகி, 2021 மார்ச்சில் வாரியத்துக்குத் திரும்பியபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. வெளியில் இருந்தவர்களிடம் வாக்கு இல்லாததால் திறந்த கடிதமும் நன்கொடை நிறுத்தமும்தான் அவர்கள் கையில் இருந்தன. அதன் பிறகு ஊழியர்கள் தேர்ந்தெடுக்கும் ஓர் இடம் வாரியத்தில் சேர்க்கப்பட்டது. நூறு பேர் சேர்ந்து நிரல் எழுதும் திட்டத்துக்கு இந்த முறையைப் பரிந்துரைக்க மாட்டேன். வாரியம் தவறினால் திருத்த வழியில்லாமல் திட்டத்தைப் பிளந்துகொண்டு போவது மட்டுமே மிஞ்சும்.

உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் வாரியம்

அப்பாச்சி, லினக்ஸ் திரை முகப்பை உருவாக்கும் க்னோம் அறக்கட்டளை, லிப்ரே ஆபிஸ் அலுவலக மென்பொருளைத் தாங்கும் டாக்குமென்ட் ஃபவுண்டேஷன், டெபியன் என்ற இயங்குதளத்தின் சொத்துகளை வைத்திருக்கும் எஸ்பிஐ (சாஃப்ட்வேர் இன் தி பப்ளிக் இன்டரஸ்ட்) ஆகியவை இந்த வகை. கேட்பதற்கு எளிமையாக இருக்கும். கவனம் முழுக்க வாரியத்தின் மீதே போய்விடுவதுதான் இங்கே வழக்கமான பிழை. முடிவுகளைத் தீர்மானிப்பது வாக்காளர் பட்டியல்.

பட்டியலை உருவாக்க மூன்று வழிகள் புழக்கத்தில் உண்டு. அப்பாச்சியில் இருக்கும் உறுப்பினர்கள் புதியவர்களை முன்மொழிந்து வாக்களித்துச் சேர்க்கிறார்கள்; பட்டியல் மெதுவாக வளரும், ஆனால் கூட்டமாக நுழைய முடியாது. க்னோமில் பங்களித்தவர் விண்ணப்பிக்கிறார், உறுப்பினர் குழு சரிபார்க்கிறது. சர்வர்களில் மென்பொருள்களை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸ் திட்டத்தின் வழிகாட்டுக் குழுத் தேர்தலில் முந்தைய ஓராண்டில் 50 பங்களிப்புகள் பதிவாகியிருந்தால் வாக்குரிமை. கணக்கில் வராத வேலை செய்தவர்கள் தனியாக விண்ணப்பிக்கலாம். கடைசியாகச் சொன்ன அந்த விண்ணப்ப வழியை விட்டுவிடாதீர்கள். கமிட்டுகளை மட்டும் எண்ணினால் மொழிபெயர்ப்பவர், பிழை அறிக்கைகளைப் பிரித்து வைப்பவர், சர்வர்களைப் பராமரிப்பவர் எல்லாரும் பட்டியலுக்கு வெளியே நிற்பார்கள்.

சந்தா கட்டினால் வாக்கு என்ற நான்காவது முறையும் இருக்கிறது. அதில் கவனம் தேவை. சந்தா சிறியதாக இருந்தால், தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு சேரும் கூட்டம் முடிவை மாற்றிவிடும். எந்த முறையானாலும் பட்டியலைத் தேர்தல் அறிவிப்புக்கு முந்தைய ஒரு தேதியில் பூட்டிவிட வேண்டும். 30 நாள் இடைவெளி போதும். வாக்கெடுப்பு மென்பொருளை நடத்துபவர் வேட்பாளராகவோ வாரிய உறுப்பினராகவோ இருக்கக் கூடாது. 2021-இல், திறமூல உரிமங்களை அங்கீகரிக்கும் ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் நடத்திய வாரியத் தேர்தலில் வாக்கெடுப்பு முறையின் ஓட்டை ஒன்று பயன்படுத்தப்பட்டதால் தேர்தலை மீண்டும் நடத்த வேண்டியிருந்தது. அந்த அமைப்பில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: உறுப்பினர் வாக்கு சட்டப்படி ஆலோசனை மட்டுமே, நியமனம் செய்வது வாரியம். "தேர்தல் உண்டு" என்ற சொல்லை மட்டும் பார்த்து நிம்மதியடைய வேண்டாம், நியமன அதிகாரம் யாரிடம் என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

அடுத்தது எண்ணும் முறை. இதைத் தொழில்நுட்ப விவரம் என்று ஒதுக்குவது பெரும் தவறு. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வாக்காளர்கள் 120 பேர். அவர்களில் 63 பேர் ஒரே நிறுவனத்தின் ஊழியர்கள், மற்ற 57 பேர் தனிநபர்கள். நிரப்ப வேண்டிய இடங்கள் 3. ஆளுக்கு மூன்று வாக்கு, அதிகம் பெற்ற மூவர் வெற்றி என்று வைத்தால், 63 பேரும் ஒரே மூவருக்குப் போடும்போது மூன்று இடமும் அந்த நிறுவனத்துக்குப் போய்விடும். 57 பேருக்கு ஒன்றும் இல்லை.

அதே தேர்தலை ஒற்றை மாற்று வாக்கு முறையில் நடத்துங்கள். அதில் வாக்காளர் வேட்பாளர்களை விருப்ப வரிசையில் எண்ணிடுவார்; வென்றவரின் உபரி வாக்கும் தோற்றவரின் வாக்கும் அடுத்த விருப்பத்துக்கு மாறும். வெற்றிக்குத் தேவையான வாக்கு: மொத்த வாக்கை, இடங்களின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டிய எண்ணால் வகுத்து, முழு எண்ணை எடுத்து, ஒன்று சேர்க்க வேண்டும். 120-ஐ 4-ஆல் வகுத்தால் 30, ஒன்று சேர்த்தால் 31. 63 பேரால் இரண்டு இடம் பிடிக்க முடியும், 57 பேரால் ஒன்று. இடங்கள் 5 ஆனால் தேவை 21 ஆகிவிடும். முடிவு 3, 2. அப்பாச்சி இந்த முறையில்தான் தன் 9 இயக்குநர்களையும் ஆண்டுதோறும் ஒரே தேர்தலில் தேர்ந்தெடுக்கிறது. அங்கே பத்து சதவீதத்துக்குச் சற்று மேல் ஆதரவு உள்ள ஒரு தரப்புக்கு ஓர் இடம் உறுதி.

இந்த இடத்தில் பலர் சறுக்குவது பதவிக்காலத்தை அடுக்கி வைக்கும் விஷயத்தில். எல்லாரும் ஒரே ஆண்டில் மாறினால் அனுபவம் போய்விடும் என்பதற்காக 9 இடங்களை ஆண்டுக்கு 3 வீதம் நிரப்பலாம் என்பார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் ஓர் இடம் பிடிக்கத் தேவையான ஆதரவு பத்து சதவீதத்திலிருந்து இருபத்தைந்து சதவீதமாக ஏறிவிடுகிறது. சிறு குழுக்களின் குரல் முக்கியம் என்று நினைப்பவர்கள் எல்லா இடங்களையும் ஒன்றாக நிரப்புவதே நல்லது. அனுபவத் தொடர்ச்சிக்கு, முந்தைய வாரியத்தினர் இரண்டு மாதம் வாக்கில்லாமல் உடனிருக்கட்டும்.

காண்டார்செட் முறைக்கும் (ஒவ்வொரு வேட்பாளரையும் மற்ற ஒவ்வொருவரோடும் நேருக்கு நேர் ஒப்பிட்டு எண்ணுவது) நல்ல பெயர் உண்டு. டெபியன் தன் திட்டத் தலைவரை அப்படித்தான் தேர்ந்தெடுக்கிறது, "இவர்களில் எவரும் வேண்டாம்" என்ற தெரிவோடு. ஒருவரைத் தேர்ந்தெடுக்க அது மிகச் சிறந்தது. பல இடங்களை நிரப்ப அதையே பயன்படுத்தினால் விகிதாச்சாரம் கிடைக்காது. பெரும்பான்மைக்குப் பிடித்தவர்களே வரிசையாக வருவார்கள். குபர்னெட்டிஸ் தன் 7 பேர் குழுவுக்கு அந்த முறையை வைத்துக்கொண்டு, ஒரே நிறுவனத்தவர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற உச்சவரம்பையும் சேர்த்தது இதனால் பொருத்தமாக இருக்கிறது. வரம்பு ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு மாதிரி: க்னோமில் 40 சதவீதம், நோட்.ஜேஎஸ் குழுவில் கால் பங்கு, பைத்தானில் 5 பேரில் அதிகபட்சம் 2.

உச்சவரம்பை எழுதும்போது நான்கு விஷயங்களை விட்டுவிடுகிறார்கள். முதலாவது, ஒப்பந்தப் பணியாளர்: மாதாமாதம் ஒரே நிறுவனத்திடம் ஊதியம் வாங்கினால் அவரும் அந்த நிறுவனத்தவர்தான் என்று எழுதுங்கள். இரண்டாவது, துணை நிறுவனங்கள். மூன்றாவது, நடுவில் வேலை மாறுவது. பைத்தானின் விதி இதில் தெளிவு: வரம்பு மீறப்பட்டால் யாராவது விலகியே ஆக வேண்டும். நான்காவது, நிறுவனங்கள் ஒன்றை ஒன்று வாங்குவது. 2019 ஜூலையில் ஐபிஎம், லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட்டை வாங்கி முடித்தபோது, இரண்டு நிறுவனங்களிலிருந்தும் ஆள் வைத்திருந்த எந்தக் குழுவும் ஒரே நாளில் மறுகணக்கு போட வேண்டிய நிலை. விலகுவது யார் என்பதை முன்பே எழுதி வைக்க வேண்டும். கடைசித் தேர்தலில் குறைந்த இடத்தில் வென்றவர் என்பது எளிய, சண்டையில்லாத விதி. அவருக்கு 60 நாள் அவகாசம் கொடுங்கள்.

பணம் தருபவருக்கு இடம்

லினக்ஸ் ஃபவுண்டேஷன் இதன் முதன்மை மாதிரி. அமெரிக்க வரிச் சட்டத்தில் அது 501(சி)(6) என்ற தொழில் சங்க வகை. அப்பாச்சி, பைத்தான் அறக்கட்டளைகள் 501(சி)(3) என்ற அறநிலை வகை. முதல் வகை தன் உறுப்பு நிறுவனங்களின் பொது நலனுக்காக இயங்கலாம். இரண்டாவது பொதுமக்கள் நலனுக்காக இயங்கியாக வேண்டும். வாரியத்தின் அமைப்பு இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கிறது. லினக்ஸ் ஃபவுண்டேஷனில் பிளாட்டினம் என்ற உச்ச நிலை உறுப்பினர் கட்டணம் ஆண்டுக்கு 5,00,000 டாலர், அதோடு வாரிய இடமும் வரும்.

நன்மைகளைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. வருமானம் உறுதி, வழக்கறிஞர் உண்டு, சோதனைக் கட்டமைப்புக்குப் பணம் உண்டு, போட்டி நிறுவனங்கள் ஒரே மேசையில் உட்கார ஒரு நடுநிலை இடம் கிடைக்கும். ஆனால் இடம் மனிதருக்குச் சொந்தமில்லை, நிறுவனத்துக்குச் சொந்தம். நிறுவனம் தன் பிரதிநிதியைக் கடிதம் ஒன்றில் மாற்றிவிடும். பெரும்பாலும் வருபவர் வரவு செலவுக்குப் பொறுப்பான மேலாளர், நிரலோடு தொடர்பில்லாதவர். நிறுவனத்தின் வணிகத் திட்டம் மாறினால் அடுத்த ஆண்டுக் கட்டணம் நின்று, ஊழியர் சம்பளத்தில் ஓட்டை விழும்.

2016-இல் லினக்ஸ் ஃபவுண்டேஷன் தனிநபர் உறுப்பினர்கள் இயக்குநர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை பைலாவிலிருந்து எடுத்தது. எடுத்தது வாரியமே. அதைத் தடுக்கும் அதிகாரம் தனிநபர் உறுப்பினர்களிடம் இருக்கவில்லை. கட்டண அடிப்படையிலான அமைப்பில் சமூகத்துக்கு ஒரு மூலையில் ஒதுக்கப்படும் ஓரிரு இடங்களின் நிலை இதுதான் என்பதைத் தெரிந்துகொண்டு நுழைய வேண்டும்.

இரண்டும் கலந்த வாரியம்

மேகக் கணிமை மென்பொருளான ஓப்பன்ஸ்டாக்கின் அறக்கட்டளை 2012-இல் தொடங்கியபோது வாரியத்தில் 24 பேர்: பிளாட்டினம் நிறுவனங்கள் 8, கோல்ட் நிறுவனங்கள் 8, தனிநபர் வாக்கில் வந்தவர்கள் 8. பார்வைக்குச் சமநிலை. கூட்டிப் பார்த்தால் நிறுவனங்களுக்கு 16. சாதாரணப் பெரும்பான்மைக்கு 13 போதும். தனிநபர் பிரதிநிதிகள் எண்மரும் ஒன்றாக எதிர்த்தாலும் எதையும் தடுக்க முடியாது. 24 பேருக்கு ஒரு கூட்ட நேரம் பிடிப்பதே பெரும்பாடு என்பது தனிக் கதை.

ரஸ்ட் நிரல்மொழியின் அறக்கட்டளை 2021-இல் வேறு வழியை எடுத்தது. கலப்பு வாரியங்களில் எனக்கு இதுவே சரியாகப்படுகிறது. தொடங்கும்போது நிறுவனங்களின் இயக்குநர்கள் 5, திட்டத்தின் இயக்குநர்கள் 5. ஒரு தீர்மானம் நிறைவேற இரண்டு தரப்பிலும் தனித்தனியே பெரும்பான்மை வேண்டும். ஒரே பெட்டியில் எண்ணினால் 10-இல் 6 போதும். ஐந்து நிறுவனங்களும் ஒரே ஒரு திட்ட இயக்குநரை இழுத்தால் வேலை முடிந்தது. தனித்தனியே எண்ணும்போது மூவரை இழுக்க வேண்டும். நாளைக்கு நிறுவனங்கள் 12 ஆனாலும் இந்தச் சமன் குலையாது. கலப்பு வாரியம் அமைப்பவர்கள் இடங்களின் எண்ணிக்கையை மட்டும் பேசி முடித்துவிடாமல் இந்த இரட்டைப் பெரும்பான்மையைக் கேட்டு வாங்க வேண்டும்.

இதன் விலை முட்டுக்கட்டை. இரு தரப்பும் ஒத்துவராவிட்டால் எதுவும் நகராது. எனவே ஒத்துவராதபோது என்ன நடக்கும் என்பதையும் எழுதி வையுங்கள்: வரவு செலவுத் திட்டம் நிறைவேறாவிட்டால் கடந்த ஆண்டுத் திட்டமே மாதம் பன்னிரண்டில் ஒரு பங்காகத் தொடரும், டிரேட்மார்க் கொள்கை நிறைவேறாவிட்டால் பழையதே நீடிக்கும்.

இடம் இருந்துவிட்டால் பிரதிநிதித்துவம் வந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். ரஸ்ட்டின் டிரேட்மார்க் கொள்கை வரைவு 2023 ஏப்ரலில் வெளியானபோது சமூகத்தில் கடும் எதிர்ப்பு கிளம்பியது. வாரியத்தில் திட்டத்தின் இயக்குநர்கள் இருந்தும்தான். அதற்கு முன்பே, 2021 நவம்பரில், மையக் குழு யாருக்கும் பதில் சொல்வதில்லை என்று கூறி ரஸ்ட்டின் நெறியாளர் குழு ஒட்டுமொத்தமாக விலகியிருந்தது. 2023-இல் வந்த தலைமைக் கவுன்சில் அந்தக் குறையைச் சரிசெய்வதற்கான ஏற்பாடு. மேல்மட்டக் குழுக்கள் ஒவ்வொன்றும் தன் பிரதிநிதியை அதற்கு அனுப்புகிறது. அறக்கட்டளை வாரியம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், அதற்கு ஆள் அனுப்பும் திட்டத்தின் உள்ளமைப்பு உடைந்திருந்தால் பயனில்லை.

சொந்த வாரியமே வேண்டாம்

ஐந்தாவது வழி, வேறோர் அமைப்பைப் பொறுப்பேற்கச் சொல்வது. பணத்தையும் டிரேட்மார்க்கையும் அது வைத்துக்கொள்ளும். திட்டத்தின் பக்கத்தில் ஒரு வழிகாட்டுக் குழு மட்டும் இருக்கும். எஸ்பிஐ நன்கொடையில் 5 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி 10 சதவீதம் எடுத்துக்கொள்வது வழக்கம். பெரும்பாலான திட்டங்களுக்கு இதுவே சரியான தொடக்கம் என்பது என் உறுதியான எண்ணம். சொந்த அமைப்பு என்றால் ஆண்டு வரி அறிக்கை, கணக்குப் புத்தகம், இயக்குநர் பொறுப்புக் காப்பீடு, வங்கிக் கையொப்பம் என்று வேலை குவியும். அதைச் செய்பவர் நிரல் எழுதுவதை நிறுத்திவிட்ட பராமரிப்பாளராகத்தான் இருப்பார். அறநிலைத் தகுதி கிடைப்பதும் உறுதியில்லை: திறமூல மென்பொருள் எழுதிய யோர்பா அறக்கட்டளை 4 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து, 2014-இல் மறுப்புக் கடிதம்தான் பெற்றது.

பொறுப்பேற்கும் அமைப்பே மூடப்படலாம் என்பதுதான் இங்கே ஆபத்து. ஓப்பன் கலெக்டிவ் ஃபவுண்டேஷன் 2024 பிப்ரவரியில் மூடுவதாக அறிவித்து, தன்னை நம்பியிருந்த குழுக்களை அந்த ஆண்டுக்குள் வேறு இடம் பார்க்கச் சொன்னது. ஆகவே ஒப்பந்தத்தில் வெளியேறும் பிரிவை முதலில் படியுங்கள்: எத்தனை நாள் அறிவிப்பு, டொமைனும் டிரேட்மார்க்கும் சேர்ந்து வருமா, எந்த வகை அமைப்புக்கு மாற்றலாம். அறநிலை அமைப்பிடம் கொடுத்த சொத்து இன்னோர் அறநிலை அமைப்புக்கே போக முடியும். தொழில் சங்க வகைக்குப் பின்னால் மாறிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள்.

வழிகாட்டுக் குழு ஒற்றைப்படை எண்ணிக்கையில் இருக்கட்டும். டெபியனின் தொழில்நுட்பக் குழு 2014 பிப்ரவரியில் எந்தத் தொடக்க அமைப்பை (கணினி இயங்கத் தொடங்கும்போது மற்ற சேவைகளைக் கிளப்பும் மென்பொருள்) இயல்பாக வைப்பது என்று வாக்கெடுத்தபோது 8 பேரும் சரிபாதியாகப் பிரிந்தார்கள். தலைவரின் தீர்மான வாக்கால் சிஸ்டம்டி வென்றது. விதிப்படி சரிதான், ஆனால் அத்தனை பெரிய முடிவு ஒருவர் கையில் வந்து நின்றதால் சண்டை அதோடு ஓயவில்லை.

எதை எப்போது எடுப்பது

பங்களிப்பாளர்கள் ஐம்பதுக்குள், ஊழியர் யாரும் இல்லை என்றால் பொறுப்பேற்கும் அமைப்பு ஒன்றும், தேர்ந்தெடுக்கப்பட்ட 5 பேர் குழுவும் போதும். ஒரே நிறுவனம் பாதிக்கு மேற்பட்ட பங்களிப்பாளர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறது என்றால், அதனிடம் பணம் வாங்குங்கள், வாரிய இடம் கொடுக்காதீர்கள். ஆட்களின் எண்ணிக்கையாலேயே அதற்கு வேண்டிய செல்வாக்கு இருக்கிறது. உச்சவரம்பும் ஒற்றை மாற்று வாக்கும் அங்கே கட்டாயம். போட்டி நிறுவனங்கள் பல சேர்ந்து முழுநேர ஊழியர்களுக்குப் பணம் போடும் நிலை வந்தால் கலப்பு வாரியம், இரட்டைப் பெரும்பான்மையோடு. ஐந்து வழிகளில் கட்டண வாரியம் பொருந்துவது, பயன்படுத்துபவர்களே பெரும்பாலும் நிறுவனங்களாக இருக்கும் உள்கட்டமைப்புத் திட்டங்களுக்கு.

எந்த வாரியமானாலும் புதிய இயக்குநர்களிடம் முதல் நாளே சொல்ல வேண்டியது: தேர்தலில் வந்தாலும் நிறுவனம் அனுப்பி வந்தாலும், சட்டப்படி அவரது கடமை இந்த அமைப்புக்கே, அனுப்பியவர்களுக்கு இல்லை. "எங்கள் நிறுவனத்தைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று ரகசிய ஆவணத்தை வெளியே எடுத்துச் செல்வது அந்தக் கடமையை மீறுவது. தன் நிறுவனத்தைத் தொடும் ஒப்பந்தம் வந்தால் அறிவித்துவிட்டு அறையை விட்டுப் போக வேண்டும். போனதும் திரும்பியதும் கூட்டக் குறிப்பில் பதிவாக வேண்டும்.

கடைசியாக, பைலாவைத் திருத்தும் பிரிவு. வாரியமே தனியாகத் திருத்தலாம் என்று இருந்தால், வாக்குரிமை, உச்சவரம்பு, இரட்டைப் பெரும்பான்மை எல்லாம் அடுத்த கூட்டம்வரைதான். இந்த மூன்றையும் தொடும் திருத்தத்துக்கு வாரியத்தில் மூன்றில் இரண்டு பங்கும், வாக்களித்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும் வேண்டும் என்று எழுதுங்கள். டெபியன் தன் அரசியலமைப்பைத் திருத்த மூன்றுக்கு ஒன்று என்ற பெரும்பான்மை கேட்கிறது. கூடவே கோரத்தையும் (முடிவு செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகையையும்) பாருங்கள். மொத்த உறுப்பினர்களில் பாதி என்று வைத்தால், ஐந்தாண்டுகளில் வராதவர்களே பட்டியலில் பாதியாகி, தேவையான திருத்தம்கூட நிறைவேறாது. அப்பாச்சியில் கோரம் மூன்றில் ஒரு பங்கு. அதை எட்டவே உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் பதிலாள் உரிமை கொடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு தேர்தல்களில் தொடர்ந்து வாக்களிக்காதவரை ஓய்வுப் பட்டியலுக்கு மாற்றி, ஒரு மின்னஞ்சலில் கேட்டாலே மீண்டும் சேர்த்துக்கொள்ளும் விதி இருந்தால் இந்தச் சிக்கல் வராது. அந்த விதியை முதல் பைலாவிலேயே சேர்த்துவிடுங்கள். பின்னால் சேர்க்க நினைக்கும்போது அதற்கே கோரம் கிடைக்காது.